மஹர் எவ்வளவு என்று கேட்கிறோம், பரம்பரை நோய் உண்டா என்று கேட்கிறோமா?

காஞ்சிபுரத்துக்கு மேற்கே, பெங்களூர் நெடுஞ்சாலையில் பாலுசெட்டி சத்திரத்தை ஒட்டிய ஊர் திருப்புட்குழி. இங்கிருந்து கிழக்கே பஸ் ஏறினால் சென்னை எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை. மேற்கே ஏறினால் வேலூர் சி.எம்.சி. மூன்று வயதாகியும் நடக்காத பிள்ளை, கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காத பிள்ளை, மாதம் தவறாமல் இரத்தம் ஏற்ற வேண்டிய பிள்ளை. இப்படி ஒரு பிள்ளையைத் தோளில் போட்டுக் கொண்டு எந்தத் திசையில் போனாலும் டாக்டர் முதலில் கேட்கும் கேள்விகளில் ஒன்று இது தான்: "சொந்தத்தில் கல்யாணமா?"

பிள்ளை பிறந்த பிறகு டாக்டர் கேட்கும் இந்தக் கேள்வியை, நிக்காஹ்வுக்கு முன்பே நாம் ஏன் கேட்கவில்லை?

2019-21ல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழகத்தில் மணமான பெண்களில் 100க்கு 28 பேர் இரத்த உறவில் மணமுடித்தவர்கள். நாடு முழுவதும் இது 100க்கு 11 தான். பக்கத்தில் இருக்கும் கேரளாவில் 5க்கும் குறைவு.

"இதெல்லாம் முஸ்லிம்களின் பழக்கம்" என்று கூசாமல் சொல்பவர்கள் இருக்கிறார்கள். 2011 மக்கள் தொகைக் கணக்கெடுப்பில் தமிழக முஸ்லிம்கள் 100க்கு 6 பேர் கூட இல்லை. 6க்குள் 28 எப்படி அடங்கும்? அக்காள் மகளை மணப்பதைத் திருக்குர்ஆன் (4:23) தடுத்து விட்டது. 1955ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டமோ, வழக்கம் இருந்தால் அதற்கும் இடம் கொடுக்கிறது. எனவே விரலை நம்மை நோக்கி மட்டும் நீட்ட வேண்டாம்.

ஆனால் இந்தப் பதிலைச் சொல்லி விட்டு நாம் தப்பித்துக் கொள்ள முடியுமா? முடியாது.

மனிதனின் மரபணுக்கள் பெரும்பாலும் இரட்டையாக இருக்கின்றன. ஒன்று தாய் தந்தது, மற்றொன்று தந்தை தந்தது. பல நோய்களில், ஒன்று பழுதானாலும் மற்றொன்று காப்பாற்றி விடும். அப்படிப்பட்டவர் நோயில்லாமலே வாழ்வார். பழுதைச் சுமப்பது அவருக்கே தெரியாது. அதே பழுதைச் சுமக்கும் இருவர் மணந்தால், ஒவ்வொரு பிரசவத்திலும் நான்கில் ஒரு பங்கு ஆபத்து உண்டு. மாமன் மகள், அத்தை மகன், சித்தப்பா மகள் எல்லோரும் ஒரே பாட்டனாரின் பேரப் பிள்ளைகள். அவர்களின் மரபணுக்களில் எட்டில் ஒரு பங்கு பொது. பாட்டனாரிடம் இருந்த பழுது இரண்டு பக்கமும் இறங்கி வந்து ஒரே பிள்ளையிடம் சேர வழி பிறக்கிறது.

சொந்தத்தில் முடித்தால் ஊனம் நிச்சயம் என்று பயமுறுத்துவதும் பொய். இங்கிலாந்தின் பிராட்போர்டு நகரில் 11 ஆயிரத்துக்கும் அதிகமான குழந்தைகளை ஆராய்ந்து 2013ல் லான்செட் இதழில் வெளியிட்டார்கள். பிறவிக் குறை 100க்கு 3 என்று இருந்தது, நெருங்கிய சொந்தத்தில் மணந்தவர்களின் குழந்தைகளிடம் 6 ஆனது. அதாவது 94 பிள்ளைகள் நலம். ஆனால் அந்த ஆறில் ஒன்று நம் வீட்டில் பிறந்தால்? தலைமுறை தலைமுறையாக அதே குடும்பத்துக்குள் கொடுத்து வாங்கினால் ஆபத்து இன்னும் கூடும். ஏற்கனவே ஒரு பிள்ளை பாதிக்கப்பட்ட குடும்பத்தில் அலட்சியம் காட்டுவது கொடுமை.

நாம் என்ன செய்கிறோம்? மறைக்கிறோம்! பெரியம்மா வீட்டில் காது கேளாத பிள்ளை இருப்பதை மறைக்கிறோம். தாத்தாவின் தம்பி பிள்ளைகள் சிறு வயதிலேயே இறந்ததை மறைக்கிறோம். பிறகு பாதிக்கப்பட்ட பிள்ளை பிறந்ததும் "ராசி இல்லாதவள்" என்று மருமகள் மீது பழி போடுகிறோம். வெட்கக்கேடு! இத்தகைய நோயில் பாதிப் பழுது உங்கள் மகன் கொடுத்தது. அவளுக்குத் தலாக் கொடுத்தால் அவன் மரபணு மாறி விடுமா?

"அல்லாஹ் அனுமதித்ததைத் தடுக்க நீங்கள் யார்?" என்று சிலர் கொதிக்கலாம். நாம் தடுக்கவில்லை. அனுமதி வேறு, கட்டாயம் வேறு. மணமக்களின் சம்மதம் இல்லாமல் நிக்காஹ் இல்லை என்று மேடை தோறும் முழங்குகிறோமே, உண்மையை மறைத்து வாங்கும் சம்மதம் என்ன சம்மதம்?

"எல்லாம் விதி" என்பவர்கள் பிள்ளைக்குப் போலியோ சொட்டு மருந்து கொடுத்தது ஏன்? ஈரான் 1997லேயே திருமணத்துக்கு முன் தாலசீமியா பரிசோதனையை நாடு முழுவதும் கொண்டு வந்தது. சவூதி அரேபியா 2004ல் கட்டாயமாக்கியது. அங்கே சொந்தத்தில் மணப்பது தடுக்கப்படவில்லை. தெரிந்து கொண்டு முடிவெடுங்கள் என்பது தான் நோக்கம்.

ஜமாஅத் நிர்வாகிகளே! நிக்காஹ் தஃப்தரில் எழுதும் முன், இரு வீட்டாரிடமும் பரம்பரை நோய் பற்றிக் கேளுங்கள். சந்தேகம் இருந்தால் மரபணு ஆலோசனைக்கு அனுப்புங்கள். பாதிக்கப்பட்ட ஒரு பிள்ளையின் நோய் சோதனையில் உறுதியானால், குடும்பத்தில் வேறு யார் சுமக்கிறார்கள் என்று பெரும்பாலும் கண்டு பிடித்து விடலாம். கூடவே வரதட்சணையை ஒழித்துக் கட்டுங்கள். அதற்குப் பயந்து தான் எத்தனையோ ஏழைத் தகப்பன்மார் அண்ணன் மகனுக்கே பெண்ணைக் கொடுத்து விடுகிறார்கள்.

அரசையும் கேட்போம். 2021ல் வெளியான அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கையில் அறிவிக்கப்பட்ட எட்டு உயர் சிறப்பு மையங்களில் ஒன்று கூட அன்று தமிழகத்தில் இருக்கவில்லை. 100க்கு 28 என்று கணக்கெடுத்த அரசுக்கு இது தெரியாதா? ஒவ்வொரு மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் இலவச மரபணு ஆலோசனை வேண்டும். திருப்புட்குழித் தாய் அதற்காகச் சென்னைக்கும் வேலூருக்கும் ஏன் அலைய வேண்டும்?

பெண் பார்க்கப் போகும் வீட்டில் நகை எத்தனை பவுன் என்று கேட்க நா கூசவில்லை. நோய் உண்டா என்று கேட்க மட்டும் ஏன் கூசுகிறது? சிந்தியுங்கள் சகோதரர்களே!