அல்சர்: அன்று கத்தி, இன்று மாத்திரை!

மதுரையில் ராத்திரி புரோட்டா, சால்னா சாப்பிட்டுவிட்டு, நெஞ்செரிச்சலுக்கு மெடிக்கலில் தாங்களாகவே மாத்திரை வாங்கிப் போடுபவர்கள் கவனத்துக்கு...

ஒரு காலத்தில் முற்றிய அல்சருக்கு ஆபரேஷன்தான் வழி. 1922, 1924 எவரெஸ்ட் குழுக்களில் இருந்த டாக்டர் சாமர்வெல், குமரி மாவட்டம் நெய்யூரில் ஏராளமானோருக்கு அதைச் செய்தார். 1943-ல் சிகாகோவில் டாக்டர் டிராக்ஸ்டெட், அமிலத்தைச் சுரக்கத் தூண்டும் வேகஸ் நரம்பையே வெட்டினார். அமிலம் குறைந்தது, இரைப்பை காலியாவதும் மந்தமானது. அதனால், உணவு இறங்க இரைப்பையைச் சிறுகுடலோடு இணைத்துத் தனி வழியும் போட்டார்கள்.

1982-ல் ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமி கண்டறியப்பட்டது. இப்போது பெரும்பாலும் மருந்திலேயே குணமாகிறது. ஆனால், எரிச்சலை மட்டும் அடக்கினால் கிருமி அப்படியே இருக்கும். பரிசோதனை அவசியம். மலம் கறுப்பாகப் போனாலோ, ரத்த வாந்தி, திடீர் கடும் வயிற்றுவலி வந்தாலோ உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். குடலில் ஓட்டை விழுந்தால் இன்றும் ஆபரேஷன்தான்!