வழி தேடும் வாலிபர்

2022-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 24-ஆம் தேதி, தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்திய நான்காம் தொகுதித் தேர்வுக்கு மனுச் செய்திருந்தோர் தொகை சுமார் 22 லட்சம். அப்பொழுது அறிவிக்கப்பட்டிருந்த பதவிகளோ 7,301. கிராம நிர்வாக அலுவலர், இளநிலை உதவியாளர், தட்டச்சர் முதலிய உத்தியோகங்கள் அவை. பின்னர்ப் பதவிகளின் தொகை பதினாயிரத்துக்கு மேல் உயர்த்தப்பட்டது உண்மையே. அதனால் ஒரு பதவிக்கு 300 பேர் என்றிருந்த கணக்கு 200 பேர் என்றாயிற்று, அவ்வளவுதான். பத்தாம் வகுப்புத் தேறியவர்களுக்கென ஏற்பட்ட இத்தேர்வைப் பட்டதாரிகளும் பொறியியல் படித்தவர்களும் எழுதுகிறார்கள் என்பது யாவரும் அறிந்த விஷயம். பதவி பெற்றவர்களைப் பற்றி நாம் இங்கே எழுத முற்படவில்லை. அவர்கள் பாடு தீர்ந்தது. மற்ற லட்சக்கணக்கானோர் தேர்வு முடிந்து வீடு திரும்பி என்ன செய்கிறார்கள் என்பதே நமது கேள்வி.

இவர்களைச் சோம்பேறிகள் என்று சொல்லுவது பெரியோர்களிடையே வழக்கமாகிவிட்டது. இதை நாம் முற்றிலும் மறுக்கிறோம். எந்த ஜில்லாத் தலைநகரின் நூல் நிலையத்திற்கு வேண்டுமானாலும் காலை வேளையில் சென்று பாருங்கள். கதவு திறக்குமுன் வாசலில் காத்திருப்போர் யார்? இருபத்தைந்து, இருபத்தெட்டு வயதுள்ள வாலிபர்களும் பெண்களுமே. காலையில் புகுந்தவர்கள் விளக்கு வைக்கும் நேரத்திலேயே எழுந்து செல்லுகிறார்கள். மதியம் பலர் உண்பது தேநீரும் ஒரு வடையுமே. உறவினர் வீட்டுக் கலியாணத்துக்குப் போவதை அவர்கள் தவிர்க்கிறார்கள்; அங்கே நாலு பேர் கூடி, “தம்பி இப்பொழுது என்ன செய்கிறார்?” என்று கேட்பார்களே என்ற அச்சம். இத்தனை உழைப்பும் இத்தனை மானமும் உடையவர்களைச் சோம்பேறிகள் என்பது அவதூறேயாகும். அவர்களிடம் இல்லாதது உழைப்பன்று; எதை நோக்கி உழைப்பது என்ற தெளிவே.

அத்தெளிவைத் தருவதாகச் சொல்லி நாம் அவர்களுக்கு வழங்கும் உபதேசங்கள் இரண்டு. பிடித்ததைச் செய் என்பது ஒன்று. மேடைப் பிரசங்கிகளும் வெற்றி பெற்றவர்களும் கூறுவது. கிடைத்ததைச் செய் என்பது மற்றொன்று. தகப்பனாரும் சிற்றப்பாவும் கூறுவது. இரண்டும் ஒன்றுக்கொன்று விரோதமானவை என்பதோடு, தனித்தனியே பார்த்தாலும் பயனற்றவை. தனக்குப் பிடித்தது எது என்பது கை வைத்துப் பாராத ஒருவனுக்கு எப்படித் தெரியும்? ஏற்றம் இறைத்தறியாதவன் கிணற்றங்கரையில் உட்கார்ந்து, தனக்கு விவசாயத்தில் ருசி உண்டா இல்லையா என்று ஆலோசிப்பது போன்றது அது. கிடைத்ததைச் செய்யச் சொல்வதில் நியாயம் உண்டு. ஆனால் கிடைத்தது, அவன் உள்ளத்திலுள்ளதற்கு ஒரு நாழிகையேனும் மிச்சம் வைக்கிறதா என்பதைச் சொன்னவர் விசாரிப்பதில்லை.

இது விஷயமாகக் கும்பகோணத்தின் சரித்திரம் நமக்குப் புகட்டுவது அதிகம். 1904-இல் அவ்வூர் அரசாங்கக் கல்லூரியில் உபகாரச் சம்பளத்துடன் சேர்ந்தார் ராமானுஜன். கணிதம் தவிர வேறெதிலும் மனம் செல்லாமையால் ஆங்கிலத்தில் தவறினார். உபகாரச் சம்பளம் போயிற்று. 1905-இல் வீட்டாரிடம் சொல்லாமல் விசாகப்பட்டணத்திற்குச் சென்றுவிட்டார். பின்னர்ச் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எப். ஏ. பரீட்சையில் தேறவில்லை, மறுபடி எழுதியும் தேறவில்லை. 1909-இல் விவாகமும் நடந்துவிட்டது. பட்டமில்லை, வருமானமில்லை, குடும்பம் மட்டும் உண்டு. இன்று நூல் நிலைய வாசலில் நிற்கும் எத்தனையோ பேருடைய நிலையும் ஏறக்குறைய இதுதான். அன்றைய கும்பகோணத்தில் அவரைப் பார்த்தோர் என்ன சொல்லியிருப்பார்கள் என்பதை ஊகிக்க அதிக சாமர்த்தியம் வேண்டியதில்லை.

1910-இல் அவர் வேலை தேடிப் புறப்பட்டார். திருக்கோவிலூரில் டிப்டி கலெக்டராக இருந்த வி. ராமசுவாமி ஐயரிடம் சென்று, தாலூகாக் கச்சேரியில் ஒரு குமாஸ்தா வேலை தரவேண்டுமென்று கேட்டார். ராமசுவாமி ஐயர் 1907-இல் இந்தியக் கணிதச் சங்கத்தை ஸ்தாபித்தவர். நோட்டுப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார்; கேட்ட வேலையைத் தரவில்லை. தாலூகாக் கச்சேரியின் அடிப்படியில் இந்த அறிவைப் புதைக்க அவருக்கு மனமில்லை. இந்த மட்டோடு நின்றிருந்தால் அவரும் இல்லையென்று சொல்லிக் கதவைச் சாத்திய ஆயிரம் அதிகாரிகளில் ஒருவராகியிருப்பார். அவர் சென்னையிலுள்ள கணித அன்பர்களுக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார். அங்கே பி. வி. சேஷு ஐயர், நெல்லூர் கலெக்டரும் கணித அபிமானியுமான ராமச்சந்திர ராவுக்கு எழுதி அனுப்பினார். வந்து நின்ற வாலிபரின் தோற்றம் ராவுக்கு மதிப்பை உண்டாக்குவதாக இல்லை. முதலில் கணக்கும் அவருக்கு விளங்கவில்லை. ஆயினும் விரட்டவில்லை, மறுபடி வரச் சொன்னார், மறுபடியும் கேட்டார். கடைசியில் மாதம் 25 ரூபாய் தம் கையிலிருந்து கொடுக்கலானார்.

அப்பணத்தை ராமானுஜன் எப்படிக் கருதினார் என்பதை நமது வாலிப நேயர்கள் கவனிக்க வேண்டும். ஏறக்குறைய ஓராண்டு பெற்றார். அதற்குள் 1911-இல் கணிதச் சங்கப் பத்திரிகையில் அவருடைய முதற் கட்டுரை வெளியாயிற்று. பிறருக்கு நெடுநாள் பாரமாயிருக்க அவர் விரும்பவில்லை. கணக்கு அலுவலகத்தில் 20 ரூபாய்ச் சம்பளத்தில் சில வாரங்கள் வேலை பார்த்தார். 1912 மார்ச் 1-ஆம் தேதி சென்னைத் துறைமுக டிரஸ்ட் அலுவலகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் குமாஸ்தாவாக அமர்ந்தார். அங்கே மேலதிகாரியான நாராயண ஐயரும் கணிதம் பயின்றவர். தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் ஆதரவாளர். அந்த நாற்காலியில் இருந்த காலத்தில்தான், 1913 ஜனவரி 16-ஆம் தேதி, கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்கு அவர் கடிதம் எழுதினார். அதற்கு முன் சீமையில் வேறு பேராசிரியர்களுக்கு எழுதியும் அனுகூலம் கிட்டவில்லை. அதே ஆண்டு மே மாதம் முதல் சென்னைப் பல்கலைக் கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சிச் சம்பளம் அளித்தது. விதிப்படி அதற்கு எம். ஏ. பட்டம் வேண்டும், இவருக்கோ எப். ஏ.யும் இல்லை. விதியைக் காட்டி மனுவைத் தள்ளியிருக்கலாம். தள்ளினால் குற்றம் சொல்வோர் இருக்கமாட்டார்கள். அவர்கள் விதியைத் தாண்ட வழி தேடினார்கள். சட்டப் புத்தகத்தோடு காலங் கழிக்கும் நமக்கு, இந்தச் சரித்திரம் முழுவதிலும் மிகுந்த உவகை தரும் பாகம் இதுவே. 1914 மார்ச் 17-ஆம் தேதி அவர் கப்பலேறினார். பிந்திய கீர்த்தியை விவரிக்க வேண்டியதில்லை.

அதே கும்பகோணத்தில், ராமானுஜன் பிறப்பதற்கும் முன்னே, மற்றொன்று நடந்தது. 1880-இல் அக்கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்த உ. வே. சாமிநாத ஐயருக்கு அப்பொழுது வயது 25. உத்தியோகம் கிடைத்துவிட்டது, மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணாக்கர் என்ற மதிப்பும் இருந்தது. நம்மில் பலர் எண்ணத்தின்படி, வழி கிடைத்துவிட்டது என்றே சொல்ல வேண்டும். ஊருக்கு முன்சீபாக வந்த சேலம் ராமசாமி முதலியார் அவரை நோக்கி, என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்டார். ஐயர் அந்தாதிகளையும் பிள்ளைத் தமிழ்களையும் புராணங்களையும் வரிசையாக அடுக்கினார். முன்சீபின் முகத்தில் வியப்பே தோன்றவில்லை. சிந்தாமணி படித்ததுண்டா, மணிமேகலை உண்டா, சிலப்பதிகாரம் உண்டா என்று மேலும் கேட்டார். ஒன்றும் இல்லை. கேள்வி சுருக்கென்று தைத்திருக்கும். ஆனால் கேட்டவர் அதோடு விடவில்லை. சிந்தாமணிப் பிரதியைத் தேடிக் கொடுத்துப் படித்துப் பார்க்கச் சொன்னார். 1887-இல் ஐயரது பதிப்பாகச் சீவக சிந்தாமணி வெளிவந்தது. பிறகு பத்துப்பாட்டும் சிலப்பதிகாரமும் புறநானூறும் மணிமேகலையும் வந்தன. உத்தியோகத்தில் அமர்ந்த பிறகும் ஒருவருக்கு வழி கிடைக்காமல் இருக்கலாம் என்பதற்கும், சரியான ஒரு கேள்வி அதைக் காட்டக் கூடும் என்பதற்கும் இதைவிடத் தக்க சாட்சியம் நமக்குத் தெரியவில்லை.

எல்லோரும் ராமானுஜன் ஆவார்களா, சாமிநாத ஐயர் ஆவார்களா என்று நேயர்களில் சிலர் கேட்கலாம். ஆகமாட்டார்கள். அதை நாம் மறுக்கவில்லை. நாம் சாட்சிக் கூண்டில் ஏற்றியிருப்பது அவ்விரு மேதைகளையல்ல. ஒரு டிப்டி கலெக்டர், ஒரு கலெக்டர், ஒரு முன்சீப், துறைமுக அலுவலகத்து ஒரு மேலதிகாரி ஆகியோரையே. இவர்களும் நம்மைப் போல அலுவல் மிகுந்தவர்கள். மனுக்கள் குவிந்த மேஜை உடையவர்கள். எதிரே நின்ற வாலிபன் கையிலிருந்ததை வாங்கிப் பார்த்தார்கள் என்பதே அவர்கள் செய்த காரியம். மேதைகளுக்கே இத்தனை பேருடைய கை வேண்டியிருந்தால், சாமானிய வாலிபன் தன் வழியைத் தானே தேடிக்கொள்ள வேண்டும் என்று சொல்ல நமக்கு என்ன உரிமை?

வாலிபர்களுக்கு நாம் சொல்ல விரும்புவதும் உண்டு. தேர்வு எழுதுவது தவறன்று. அதற்கு எல்லை வகுத்துக்கொள்ளாததே தவறு. இத்தனை முறை, இத்தனை ஆண்டு என்று ஒரு காகிதத்தில் எழுதி வீட்டாரிடம் கொடுத்துவிட வேண்டும். அவ்வெல்லைக்குள்ளும் சம்பளம் வரும் ஒரு சிறு வேலை, அரை நாள் வேலையாயினும், கையில் இருக்கட்டும். அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துவதாயினும் சரி, மருந்துக் கடையில் கணக்கு எழுதுவதாயினும் சரி, இரு சக்கர வண்டியில் உணவுப் பொட்டலம் கொண்டு செல்வதாயினும் சரி, அதில் இழிவு ஒன்றும் இல்லை. 30 ரூபாய்க் குமாஸ்தா வேலை ராமானுஜனுடைய கணிதத்தைக் கெடுக்கவில்லை. சாப்பாட்டுக் கவலையையே போக்கிற்று. நூல் நிலையத்தில் நாலாண்டு தனியே உட்கார்ந்திருப்பவனுக்கு உலகத்தில் எத்தனை விதத் தொழில்கள் நடக்கின்றன என்பதே மறந்துவிடுகிறது. மேலும், தான் செய்த ஏதேனும் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு, அது தெரிந்த ஒருவரிடம் சென்று காட்டவேண்டும். வெறுங்கையோடு சென்று சிபாரிசு கேட்பது யாசகம்; நோட்டுப் புத்தகத்தோடு செல்வது யாசகமன்று. முதல் இரண்டு பேர் திரும்பிப் பாராவிட்டால் மூன்றாமவரிடம் போக வேண்டும்.

பெரியோர்களுக்குச் சொல்ல வேண்டியதே அதிகம். முதலில் நமது சொந்தத் தொழிலைப் பற்றிச் சொல்லிவிடுகிறோம். கறுப்பு அங்கி அணிந்து, மூத்த வக்கீலின் கட்டுகளைச் சுமந்து, ஆண்டுக்கணக்கில் ஊதியமின்றிக் காலந் தள்ளுவது இளம் வக்கீல்களின் தலைவிதி என்று நெடுங்காலம் கருதப்பட்டது. உயர்நீதிமன்றம் தலையிட்ட பின், 2024 ஜூன் மாதத்தில், தமிழ்நாடு புதுச்சேரி வக்கீல் கவுன்சில் ஒரு சுற்றறிக்கை அனுப்பிற்று. சென்னை, மதுரை, கோயமுத்தூர் நகரங்களில் மாதம் 20,000 ரூபாயும், ஏனைய ஊர்களில் 15,000 ரூபாயும் இளம் வக்கீல்களுக்கு உதவித் தொகையாக அளிக்கப்பட வேண்டும் என்பது அதன் சாரம். சுற்றறிக்கை நியாயமானது. அதைத் தத்தம் அறையில் அமலுக்குக் கொண்டு வருவது மூத்த வக்கீல்களின் கடமை. நீதிமன்றத்தில் மணிக்கணக்காக நியாயம் பேசிவிட்டு, பின்னால் கட்டுகளோடு நிற்கும் பையன் காலையில் என்ன உண்டான் என்று கேளாதிருப்பது நமது கூட்டத்தாருக்கு அழகன்று. வியாபாரிகளும் ஆலை முதலாளிகளும் அச்சகத்தாரும் இதில் தங்களுக்குப் பங்கில்லை என்று எண்ண வேண்டாம்.

அரசாங்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. சிவில் சர்வீஸ் முதல் நிலைத் தேர்வுக்குத் தயாராகும் 1,000 பேருக்குப் பத்து மாதங்கள், மாதந்தோறும் 7,500 ரூபாய் வழங்கும் ஏற்பாட்டை 2023-இல் தமிழ்நாடு அரசாங்கம் அறிவித்தது. ராமச்சந்திர ராவின் 25 ரூபாயை அரசாங்கமே கொடுக்க முன்வந்தது போன்ற காரியம் அது; பாராட்டுகிறோம். பட்டறையிலும் ஆய்வுக் கூடத்திலும் நெசவுக் கூடத்திலும் கையோடு தொழில் கற்க விரும்புகிறவனுக்கும் அதே அளவு தாராளம் காட்டப்பட வேண்டும் என்பது நமது கோரிக்கை.

முதலில் கூறிய தேர்வுக்கே திரும்புவோம். 2022 ஜூலையில் எழுதிய தேர்வின் முடிவு வெளியானது 2023 மார்ச்சு மாதத்தில். எட்டு மாதம்! அந்த எட்டு மாதமும் லட்சக்கணக்கானோர் வேறு வேலையில் மனம் ஊன்றாமல், அடுத்த தேர்வுக்குப் படிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் காத்திருந்தனர். 2024 ஜூன் 9-ஆம் தேதி நடந்த தேர்வின் முடிவோ அவ்வாண்டு அக்டோபரிலேயே வந்துவிட்டது. மனம் வைத்தால் காலத்தைக் குறைக்கலாம் என்பது இதனால் ருசுவாகிறது. மூன்று மாதத்திற்குள் முடிவு வெளியிடப்படும் என்று தேர்வாணையம் ஒவ்வோர் அறிவிக்கையிலும் தேதியிட்டு உறுதி கூறவேண்டும். தவறினால் காரணத்தைப் பகிரங்கமாகத் தெரிவிக்க வேண்டும். இதற்குப் புதிய சட்டம் ஒன்றும் தேவையில்லை. ஆணையத்தின் ஓர் உத்தரவே போதுமானது.