இரசக்கிண்ணத்தை ஏன் மறுக்கிறோம்?

மண்ணில் விழுந்து மடியும் கோதுமை மணியைப் பற்றி நாம் எத்தனையோ முறை மறையுரை ஆற்றியிருக்கிறோம். ஒரு மணி மடிந்து பல மணிகளாக விளைவதையும், பல மணிகள் அரைபட்டு ஓர் அப்பமாவதையும் சொல்லும்போது மக்கள் ஆர்வத்தோடு கேட்பர். நமக்கும் அது பிடித்தமான பொருள். ஆனால் அதே கோதுமை மணி ஒரு குழந்தையின் குடலைப் புண்ணாக்கக்கூடும் என்றும், அக்குழந்தையை நற்கருணைப் பந்தியிலிருந்து விலக்கிவிடக்கூடும் என்றும் நாம் சொன்னதில்லை. நமக்கே அது தெரியாதிருந்தது. தெரியாதிருந்தது குற்றமன்று, தெரிந்துகொள்ள மறுத்தது குற்றம். அக்குற்றத்தை முதலில் நம்மேல் சுமத்திக்கொண்டே எழுதத் தொடங்குகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் நம் பங்கில் புதுநன்மை ஆயத்தம் நடந்துகொண்டிருந்தது. இராணுவத்தில் பணியாற்றிய தந்தையோடு வடநாட்டில் வளர்ந்து, அண்மையில் ஊர் திரும்பியிருந்த ஒரு சிறுமியும் அவ்வகுப்பில் இருந்தாள். ஒரு மாலை அவளுடைய தாய் சக்கிறீஸ்துக்கு வந்து தயங்கி நின்றார்.

"சாமி, பிள்ளைக்குக் கோதுமை ஆகாது. அங்கே பெரிய ஆஸ்பத்திரியிலே பார்த்துச் சொல்லிட்டாங்க. நன்மை வாங்க வேற வழி ஏதாவது உண்டுங்களா?"

நாம் சிரித்தோம். "அம்மா, அது கோதுமை அல்ல, ஆண்டவருடைய திருவுடல். ஆண்டவர் யாருக்காவது தீங்கு செய்வாரா? விசுவாசத்தோடு வாங்கச் சொல்லுங்கள்" என்றோம். உடனிருந்த உபதேசியாரும் தலையசைத்தார். அத்தாய் மறுபேச்சுப் பேசவில்லை. குருவின் சொல்லுக்கு மறுசொல் சொல்லும் பழக்கம் நம் மக்களுக்கு இல்லை அல்லவா?

சிறுமி புதுநன்மை வாங்கினாள். ஞாயிறுதோறும் வாங்கினாள். சில மாதங்களில் வாங்குவதை நிறுத்திக்கொண்டாள். கோவிலின் கடைசி வரிசையில் ஒதுங்கி அமர்ந்தாள். "இந்த வயசிலே என்ன பாவம் செஞ்சாளோ" என்ற முணுமுணுப்பு எழுந்தது. பாட்டி அவளைக் கைப்பிடியாக நம்மிடம் அழைத்துவந்து, "சாமி, இவளுக்குப் பாவசங்கீர்த்தனம் கேளுங்க, நன்மை வாங்க மாட்டேங்கிறா" என்றார். பாட்டிக்கு முன்பாகவே சிறுமி சொன்னாள்: "எனக்குப் பாவம் இல்லே சாமி, வயிறுதான் வலிக்குது."

அச்சொல் நம்மைப் படிக்க வைத்தது. படித்ததைச் சொல்கிறோம்.

இந்நோயின் பெயர் சீலியாக். கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் குளூட்டன் எனும் புரதம் உண்டு. பிசைந்த மாவுக்கு இழுவையைத் தருவதும், பரோட்டாவை வீசி விரிக்க இடங்கொடுப்பதும் அதுவே. மரபணுவால் இந்நோய்க்கு ஆட்படக்கூடியவருள் சிலருக்கு, குளூட்டன் உள்ளே சென்றதும் உடலின் காவற்படை தன் சிறுகுடலையே தாக்குகிறது. உணவின் சத்தை உறிஞ்சும் விரல் போன்ற நுண்ணிய குடலுறிஞ்சிகள் தேய்ந்து மழுங்குகின்றன. வயிற்றுப்போக்கு, இரத்தசோகை, வளர்ச்சிக் குறைவு, எலும்புத் தேய்வு எனப் பல வடிவில் அது வெளிப்படும். சிலருக்கு வெளிப்படாமலேயே உள்ளுக்குள் சேதம் நிகழும். 1888இல் சாமுவேல் ஜீ எனும் இலண்டன் மருத்துவர் இந்நோயை விவரித்தார். ஆயினும் குற்றவாளி கோதுமையே என்று நிறுவியவர் வில்லெம் டிக்கே எனும் டச்சுக் குழந்தை மருத்துவர். 1944–45ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் நெதர்லாந்தைப் பஞ்சம் வாட்டியபோது ரொட்டி கிடைக்கவில்லை. ஊரெல்லாம் மெலிந்த அந்நாளில் இந்நோயுற்ற குழந்தைகள் தேறினர். ரொட்டி திரும்பியதும் மீண்டும் நலிந்தனர். அவர் முன்னரே கொண்டிருந்த ஐயம் இவ்வாறு வலுப்பெற்றது. 1950இல் அதனை ஆய்வேடாக அளித்தார். இன்றுவரை இதற்கு மருந்தில்லை. வாழ்நாள் முழுதும் குளூட்டனைத் தவிர்ப்பதே மருந்து.

"ஒரு துண்டு அப்பம் என்ன செய்துவிடும்?" என்பர். நாள்தோறும் வெறும் 50 மில்லிகிராம் குளூட்டனை மூன்று மாதம் உட்கொண்டாலே குடலுறிஞ்சிகள் சேதமுறும் என்பதை 2007இல் வெளிவந்த ஓர் இத்தாலிய ஆய்வு காட்டியது. ஒரு துண்டு ரொட்டியில் இதைப் போலப் பல மடங்கு உண்டு. "சிறிதுதானே" எனும் சொல்லை நோயாளி சொல்லலாம், மருத்துவர் சொல்லலாம், நாம் சொல்வதற்கில்லை.

"இதெல்லாம் வெள்ளைக்காரர் நோய்" என்பாரும் உளர். 2016இல் வெளியான இந்திய ஆய்வு ஒன்று, வடஇந்தியாவில் நூற்றுக்கு ஒருவர் என்ற அளவிலும், தென்னிந்தியாவில் பத்தாயிரத்துக்கு ஒருவர் என்ற அளவிலும் இந்நோய் இருப்பதைக் கண்டது. நோய்க்கு இடமளிக்கும் மரபணுக்களோ இரு பகுதியினரிடமும் ஏறத்தாழச் சமமாகவே இருந்தன. வேறுபட்டது, உண்ணும் கோதுமையின் அளவே. நம்மை இதுவரை காத்துவந்தது நம் சோற்றுப்பானை எனலாம். இரவுக்குச் சப்பாத்தி, மாலைக்குப் பரோட்டா, காலைக்கு ரவை உப்புமா என்று நம் உணவு மாறிவரும் இந்நாளில், அந்தக் காவல் எத்தனை நாளைக்கு?

இனி நாம் அத்தாய்க்குச் சொன்ன பதிலுக்கு வருவோம். அது பக்தி போலத் தோன்றியது. உண்மையில் அது திருச்சபையின் போதனைக்கே புறம்பானது. குருமடத்தில் நாம் படித்ததென்ன? அர்ச்சிப்பில் அப்பத்தின் உட்பொருள் கிறிஸ்துவின் திருவுடலாக மாறுகிறது. நிறம், சுவை, எடை முதலிய புறத்தன்மைகள் அப்படியே நிற்கின்றன. புனித தோமா அக்குவினார் தம் இறையியல் தொகுப்பின் மூன்றாம் பாகம், 77ஆம் வினாவில், அர்ச்சிக்கப்பட்ட பின்னரும் அவை உடலை ஊட்டுமா என்று கேட்டு, ஊட்டும் என்றே தீர்ப்பளிக்கிறார். கொரிந்து சபையில் சிலர் குடித்து மயங்கியதைப் பற்றிய பவுலடியாரின் கண்டனத்தையும் அங்கே துணைக்கு அழைக்கிறார். ஒரே ஞாயிறில் பல கிளைக் கிராமங்களில் திருப்பலி நிறைவேற்றி, வெறும் வயிற்றில் இரசம் பருகிய குருவுக்குத் தலை கனப்பதை நாமும் அறிவோம். அது விசுவாசக் குறைவால் வந்ததன்று. ஊட்டும் தன்மையும் மயக்கும் தன்மையும் நீங்காதபோது, வருத்தும் தன்மை மட்டும் எவ்வாறு நீங்கும்? "விசுவாசமிருந்தால் ஒன்றும் செய்யாது" என்று நோயுற்ற குழந்தையிடம் சொல்வது, கோவில் உச்சியிலிருந்து குதிக்கச் சொன்னவனின் குரலே அன்றி, குதிக்க மறுத்தவரின் குரல் அன்று.

அப்படியானால் திருச்சபை இவர்களைக் கைவிட்டதா? இல்லை. கைவிட்டவர் நாமே. அப்பம் கோதுமையால் மட்டுமே ஆகியிருக்க வேண்டும் என்கிறது 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 924ஆம் எண். அடுத்த 925ஆம் எண்ணோ, தேவை நேரின் இரசத்தின் வடிவில் மட்டும் நற்கருணை வழங்கலாம் என்கிறது. முதல் எண்ணை மனப்பாடமாய் அறிந்த நாம் அடுத்த எண்ணைப் புரட்டிப் பார்க்கவில்லை! விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் 1995இலும் 2003இலும் எழுதிய மடல்கள், குளூட்டன் அறவே நீக்கப்பட்ட அப்பம் செல்லாது என்றும், அப்பம் ஆவதற்குப் போதுமான சிறிதளவு குளூட்டன் உள்ள அப்பம் செல்லும் என்றும் தெளிவுபடுத்தின. அதனையும் உண்ண இயலாதவர் இரசத்தை மட்டும் பெறலாம் என்று 2003ஆம் ஆண்டு மடல் வெளிப்படையாகவே கூறுகிறது. குறைந்த குளூட்டன் அப்பத்துக்கும், புளிப்பேறாத திராட்சைச் சாற்றுக்கும் ஆயர் தனி ஒருவருக்கு நிலையான அனுமதி தரலாம். 2017இல் இறைவழிபாட்டுப் பேராயமும் இவற்றை ஆயர்களுக்கு நினைவூட்டியது. அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் உள்ள பெனடிக்ட் சபைக் கன்னியர், 0.01 விழுக்காடு மட்டுமே குளூட்டன் கொண்ட கோதுமை அப்பத்தைச் செய்து வருகின்றனர்.

கிறிஸ்து இரு வடிவங்களுள் எந்த ஒன்றிலும் முழுமையாக இருக்கிறார் என்று 1562இல் திரிதெந்து பொதுச்சங்கம் போதித்தது. அப்போதனையைக் காட்டியே, "அப்பம் போதும், கிண்ணம் எதற்கு?" என்று பொதுநிலையினருக்குப் பல தலைமுறைகளாகச் சொல்லிவந்தோம். அதே போதனை இன்று, "கிண்ணம் போதும்" என்று ஒரு குழந்தைக்குச் சொல்லத் துணை நிற்கிறது. கிண்ணத்தை மறுக்கப் பயன்பட்ட கோட்பாடு, கிண்ணத்தை வழங்கப் பயன்படலாகாதா?

"நம் நாட்டில் அரிசி அப்பம் ஏன் கூடாது?" என்று பண்பாட்டுமயமாதலை விரும்பும் நண்பர்கள் கேட்கின்றனர். 2004இல் அமெரிக்காவின் நியூ செர்சி மாநிலத்தில் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி அரிசி அப்பத்தில் பெற்ற புதுநன்மை செல்லாது என அம்மறைமாவட்டம் அறிவித்தபோதும் இக்கேள்வி உலகெங்கும் ஒலித்தது. அக்கேள்வியில் வேதனை உண்டு. அதனை நாம் இகழ்வதற்கில்லை. ஆயினும் ஆண்டவர் கையிலெடுத்த பொருளை மாற்றத் தனக்கு உரிமையில்லை என்று திருச்சபை கருதுகிறது. இறையியலார் இதனை எத்தனை ஆண்டும் விவாதிக்கட்டும். அவ்விவாதம் முடியும் வரை பசித்த குழந்தை காத்திருக்கலாகாது. திறந்துள்ள கதவு ஒன்று இருக்க, பூட்டிய கதவின் முன் நின்று வாதிடுவதில் பயனென்ன?

இதுவரை நம்மைக் கண்டித்தோம். இனி வேறொரு சாராரையும் கண்டிக்காமல் விடுவது நேர்மையன்று. நம் அன்பியம் ஒன்றில் ஒரு பெற்றோர், தம் மகனின் இரத்தத்தைச் சோதித்து எவரோ கொடுத்த ஒரு நீண்ட தாளைக் காட்டினர். நூற்றுக்கு மேற்பட்ட உணவுகளின் பெயர்கள். பலவற்றுக்கு நேரே சிவப்புக் குறி. அரிசி, பால், முட்டை, கோதுமை யாவற்றையும் நிறுத்திவிட்டனர். பையன் எலும்பும் தோலுமாக இருந்தான். பெற்றோரின் அச்சமும் விற்போரின் பேராசையும் கூடினால் விளைவது இதுவே.

இத்தகைய சோதனைகள் பெரும்பாலும் ஐ.ஜி.ஜி. எனும் எதிர்ப்பொருளை அளக்கின்றன. அது ஒருவர் அவ்வுணவை உண்டிருக்கிறார் என்பதற்கு அடையாளமேயன்றி நோய்க்கு அடையாளமன்று என்று ஐரோப்பிய ஒவ்வாமையியல் வல்லுநர் 2008இலேயே எச்சரித்தனர். நாள்தோறும் சோறு உண்பவனுக்கு அரிசிக்கு நேரே குறி விழுவதில் வியப்பென்ன? உண்மையான கோதுமை ஒவ்வாமை வேறு: அது ஐ.ஜி.ஈ. எனும் எதிர்ப்பொருளால் பெரும்பாலும் விரைவில் வருவது. தடிப்பு, வீக்கம், மூச்சுத்திணறல் எனத் தோன்றுவது. அதற்குத் தோலில் குத்திப் பார்க்கும் சோதனையும் இரத்தச் சோதனையும் உண்டு. அவற்றில் குறி தென்பட்டாலும், உண்டபோது தொல்லை வந்ததா என்பதோடு பொருத்திப் பார்த்தே முடிவு செய்வர். ஐயமிருப்பின் மருத்துவர் கண்முன் சிறிது சிறிதாக உண்ணச் செய்து பார்ப்பதே தீர்ப்பு. சீலியாக் நோய்க்கோ குறிப்பிட்ட எதிர்ப்பொருளைத் தேடும் இரத்தச் சோதனையும், தேவையானபோது எண்டோஸ்கோப்பி வழியே சிறுகுடலின் திசு ஆய்வும் உள்ளன. மூன்றாவதாக, இவ்விரண்டும் இல்லாமலே கோதுமை உண்டால் வருந்துவோர் உளர். அவர்களது துன்பம் பாசாங்கன்று. ஆனால் அதனைக் காட்டும் இரத்தச் சோதனை எதுவும் இல்லை. மற்ற இரண்டும் இல்லையென உறுதிசெய்து, மருத்துவர் மேற்பார்வையில் கோதுமையை நிறுத்தியும் மீண்டும் சேர்த்தும் பார்ப்பதே வழி.

ஒன்றை மறவாதீர்கள்: சோதனைக்கு முன் தாமாகவே கோதுமையை நிறுத்திவிட்டால், சீலியாக் நோய் உள்ளவருக்கும் சோதனை நோயில்லை என்று காட்டிவிடலாம். ஆகவே முதலில் மருத்துவர், பிறகே பத்தியம். நோய் உறுதியானால், பத்தியத்தில் அரைகுறை கூடாது. அரிசி, கேழ்வரகு, கம்பு, தினை, சோளம் யாவும் நம்முடையவை, அஞ்ச வேண்டா. ஆனால் சேமியாவிலும் ரவையிலும் மட்டுமன்று, கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்திலும் கோதுமை மாவு கலந்திருப்பதுண்டு என்பதை நம் தாய்மார் அறிந்திருக்க வேண்டும்.

நோயுற்றவளை நம்பாத நாமும், நோயில்லாதவனை நோயாளியாக்கியவரும் செய்த பிழை ஒன்றே: இருவரும் உண்மையை விசாரிக்கவில்லை. நம் பிழைக்குப் பெயர் பக்தி. அவர்கள் பிழைக்குப் பெயர் அறிவியல். இரண்டும் பொய்ப் பெயர்களே.

சகோதர குருக்களுக்கு ஒரு வேண்டுகோள். புதுநன்மை வகுப்பின் முதல் நாளிலேயே, எந்தப் பிள்ளைக்கேனும் கோதுமை ஆகாதா என்று பெற்றோரைக் கேளுங்கள். உண்டெனில் அவர்களுக்கெனத் தனியாக ஒரு சிறு கிண்ணத்தில் இரசத்தை அர்ச்சியுங்கள். நாம் அப்பத்தின் சிறு துகளை இடும் தலைமைக் கிண்ணத்தை அவர்களுக்குக் கொடுக்கலாகாது, அத்துகளும் கோதுமையே. குறைந்த குளூட்டன் அப்பம் எனில் அதனைத் தனிச்சிமிழில் வையுங்கள்; மற்ற அப்பங்களைத் தொட்ட விரலால் தொடாதீர்கள். ஆயரின் அனுமதி வேண்டுமிடத்தில் அதனைக் கேட்டுப் பெறுங்கள், தாயை அலையவிடாதீர்கள்.

பொதுநிலையினருக்கும் ஒரு சொல். நன்மை வாங்காமல் அமர்ந்திருப்பவரைக் கண்டு பாவக்கணக்குப் பார்க்காதீர்கள். உங்கள் பங்குத்தந்தை நம்மைப் போல் சிரித்தால், மறுபேச்சுப் பேசுங்கள். சட்டத்தொகுப்பின் எண்ணைச் சொல்லியே பேசுங்கள். அது அவமரியாதை ஆகாது.

அச்சிறுமியிடமும் அவள் தாயிடமும் நாம் மன்னிப்புக் கேட்டோம். அடுத்த ஞாயிறு, பீடத்தில் இரண்டாவதாக ஒரு சிறு கிண்ணம் இருந்தது. கடைசி வரிசையிலிருந்து அவள் நடந்து வந்தபோது கோவிலே திரும்பிப் பார்த்தது. "கிறிஸ்துவின் திரு இரத்தம்" என்றோம். "ஆமென்" என்றாள். குருத்துவத்தில் இத்தனை ஆண்டுகளில் நாம் எத்தனையோ ஆமென் கேட்டிருக்கிறோம். நாம் தாமதித்த அந்த ஓர் ஆமெனுக்காக ஆண்டவர் நம்மிடம் கணக்குக் கேட்பார் என்றே நம்புகிறோம்.