ஆன்லைன் எம்.ஏ. படித்தால் வெளிநாட்டில் ஆங்கில ஆசிரியர் வேலை கிடைக்குமா?

கொல்லிமலை செம்மேட்டில் இருந்து ஓர் ஆசிரியை சென்ற மாதம் போன் செய்தார். ஆங்கிலத்தில் பி.ஏ., பிறகு கல்லூரிக்கு நேரில் சென்று பி.எட். முடித்தவர். மலைக்குக் கீழே ஒரு தனியார் பள்ளியில் ஏழு வருடமாக வேலை பார்க்கிறார். வாரக் கடைசியில் எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி வீட்டுக்கு வருவார். அண்மையில்தான் முதன்முதலாக ஒரு லேப்டாப் வாங்கியிருக்கிறார். இன்டர்நெட் இணைப்பு கொடுத்து, கூகுளில் "வெளிநாட்டில் ஆசிரியர் வேலை" என்று ஒரே ஒரு முறைதான் தேடினாராம். அன்று முதல் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் அதே விளம்பரங்கள்தான்.

"சார், வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தோட ஆன்லைன் எம்.ஏ. ஒரே வருஷம்தான். ஃபீஸ் இரண்டரை லட்சம். படிச்சா மஸ்கட், துபாய் பள்ளிக்கூடத்துல வேலை நிச்சயம்னு போட்டிருக்காங்க. அம்மா இந்த வருஷ மிளகை வித்துக் கட்டிடலாம்னு சொல்றாங்க. சேரலாமா?"

வேண்டாம் என்றேன். ஆனால் ஆன்லைன் படிப்பே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இந்த வித்தியாசம் முக்கியம் என்பதால்தான் இந்தக் கட்டுரை. புதிதாக கம்ப்யூட்டர் வாங்கிய பலர் வீட்டிலும் இதே விளம்பரம் வந்து நிற்கும்.

நம் ஊரிலிருந்து பாடம் சொல்லிக் கொடுக்க வெளிநாடு போவது புதிய விஷயம் அல்ல. எத்தியோப்பியாவுக்கும் நைஜீரியாவுக்கும் பூட்டானுக்கும் போன இந்திய ஆசிரியர்களின் கதைகளை பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அன்று ஒரு டிகிரியும் துணிச்சலும் போதுமானதாக இருந்தது. இன்று வளைகுடா நாடுகளிலும் மாலத்தீவிலும் முதலில் கேட்பது பி.எட். பிறகு அனுபவம். எம்.ஏ. அதற்கப்புறம்தான்.

வளைகுடாவில் நம் சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்தில் நடக்கும் பள்ளிகள் நிறைய உள்ளன. அங்கே ஆசிரியர்களை டி.ஜி.டி., பி.ஜி.டி. என்று பிரிப்பார்கள். பத்தாம் வகுப்பு வரை நடத்துபவர் டி.ஜி.டி. அதற்கு டிகிரியும் பி.எட்.டும் வேண்டும். பதினொன்று, பன்னிரண்டு நடத்த பி.ஜி.டி. ஆக வேண்டும். அங்கேதான் எம்.ஏ. தேவைப்படுகிறது. ஏற்கெனவே ஒரு பள்ளிக்குள் நுழைந்து நல்ல பெயர் எடுத்துவிட்ட டி.ஜி.டி. ஆசிரியருக்கு, வேலையை விடாமல் மாலை நேரத்தில் படித்து வாங்கும் ஆன்லைன் எம்.ஏ. ஒரு படி மேலே ஏற உதவும். வெளியே நிற்பவரை உள்ளே அழைத்துப் போகும் சக்தி அதற்கு இல்லை. விளம்பரக்காரர்கள் இதைத்தான் தலைகீழாக்கிச் சொல்கிறார்கள்.

பி.எட். விஷயத்தில் இன்னொன்று. இந்தியாவில் ஆன்லைனில் பி.எட். பட்டம் கிடையாது. பணியில் இருக்கும் ஆசிரியர்களுக்காக தொலைநிலையில் பி.எட். நடந்திருக்கிறது, அதற்கும் என்.சி.டி.இ. அனுமதி வேண்டும். "வீட்டிலிருந்தே ஆன்லைன் பி.எட்." என்று யாராவது சொன்னால் பிரவுசரை மூடிவிடுங்கள்.

அடுத்து பாஸ்போர்ட் பிரச்சினை. தென்கொரியாவில் ஆங்கில ஆசிரியர்களுக்கான இ-2 விசா, அடிப்படையில் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட 7 நாட்டுக் குடிமக்களுக்குத்தான். அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா. நம்மிடம் மூன்று எம்.ஏ. இருந்தாலும் இந்தப் பட்டியலில் சேர முடியாது. 2010ல் அமலுக்கு வந்த இந்தியா-கொரியா ஒப்பந்தத்தில் இந்தியர்களுக்கு ஒரு சிறிய வழி விட்டார்கள். அங்கும் டிகிரியோடு சேர்த்துக் கேட்டது ஆசிரியர் தகுதிச் சான்றிதழைத்தான். விளம்பரத்தில் சியோல் நகரப் படத்தைப் போடுபவர்கள் இதைச் சொல்வதில்லை.

சரி, தகுதி இருக்கிறது, பள்ளியும் அழைக்கிறது என்று வைத்துக் கொள்வோம். சான்றிதழை அந்த நாட்டு அரசு ஏற்க வேண்டுமே! 2018 வாக்கில் ஐக்கிய அரபு எமிரேட்ஸில் பல வருடம் வேலை பார்த்த இந்திய ஆசிரியர்கள் பலர் இங்கேதான் மாட்டிக் கொண்டார்கள். பட்டத்துக்கு அங்குள்ள கல்வி அமைச்சகத்தின் ஈக்வலன்சி சான்றிதழ் வாங்க வேண்டும் என்றார்கள். தொலைநிலையிலும் பிரைவேட்டாகவும் படித்தவர்களுக்கு அது கிடைக்கவில்லை. இதில் ஒரு வேடிக்கையும் நடந்தது. நம் மதிப்பெண் பட்டியலில் "இன்டர்னல்", "எக்ஸ்டர்னல்" என்று இரண்டு வரிசை இருக்கும் அல்லவா? "எக்ஸ்டர்னல்" என்பதைப் பார்த்து, இவர் கல்லூரிக்கு வெளியே படித்தவர் என்று அங்கே புரிந்து கொண்டார்கள். தினமும் கல்லூரிக்குப் போய்ப் படித்தவர்களும் சிக்கினார்கள். இந்தியத் தூதரகம் தலையிட்டு விளக்க வேண்டி வந்தது. ஒரு தலைப்பு இவ்வளவு பாடு படுத்தும் என்றால், "ஆன்லைன்" என்றே அச்சடித்த சான்றிதழ் எப்படிப் பார்க்கப்படும் என்று யோசியுங்கள்.

"யு.ஜி.சி. ஏற்கிறதே, சார்?" என்று அந்த ஆசிரியை கேட்டார். நியாயமான கேள்வி. ஆன்லைன் பட்டங்களுக்கு யு.ஜி.சி. 2018ல் விதிமுறை கொண்டு வந்தது. 2020 செப்டம்பரில் தொலைநிலைக்கும் ஆன்லைனுக்கும் சேர்த்து புதிய விதிமுறை வந்தது. அதன் 22வது விதிப்படி, அனுமதி பெற்ற நிறுவனம் தரும் ஆன்லைன் பட்டம் நேரடிப் பட்டத்துக்குச் சமம். 2022 செப்டம்பரில் இதை மீண்டும் ஒருமுறை அறிவிப்பாகவே வெளியிட்டார்கள். ஆனால் யு.ஜி.சி. சொல்வது இந்தியாவுக்குள். இன்னொரு நாட்டின் கல்வி அமைச்சகம் தன் விதிப்படிதான் முடிவு செய்யும்.

ஆகவே என் கருத்தில் ஆன்லைன் எம்.ஏ.வின் முழு மதிப்பு வெளிநாட்டில் இருப்பதைவிட உள்நாட்டில்தான் அதிகம். தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் முதுகலைப் பட்டதாரி ஆசிரியர் தேர்வு எழுத எம்.ஏ.வும் பி.எட்.டும் வேண்டும். முறையான அனுமதியுள்ள இந்திய எம்.ஏ. என்றால், வெளிநாடு கைகூடாவிட்டாலும் இங்கே பயன்படும். வெளிநாட்டு ஆன்லைன் பட்டத்தில் அதுவும் இல்லை. வெளிநாட்டுப் பட்டங்களுக்கு இணைத்தகுதி தருவது பற்றி யு.ஜி.சி. 2025ல் கொண்டு வந்த விதிமுறை, நேரில் வகுப்புக்குச் சென்று படித்திருக்க வேண்டும், ஆன்லைனோ தொலைநிலையோ கூடாது என்கிறது. அதற்கு முன்பே, 2023 டிசம்பரில், வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களின் பெயரில் சில நிறுவனங்கள் ஆன்லைனில் விற்கும் பட்டங்கள் செல்லாது என்று எச்சரிக்கையும் வந்தது. இரண்டரை லட்சம் கொடுத்து வாங்கும் பட்டம் மஸ்கட்டில் சந்தேகம், நாமக்கல்லில் பூஜ்யம். மிளகை விற்க வேண்டாம் என்று நான் சொன்னது இதனால்தான்.

இந்திய ஆன்லைன் எம்.ஏ.வில் சேருவது என்றால், புதிதாக வாங்கிய கம்ப்யூட்டருக்கு முதல் வேலை இதோ. யு.ஜி.சி.யின் தொலைநிலைக் கல்விப் பிரிவுக்குத் தனி வெப்சைட் இருக்கிறது. முகவரி டெப் டாட் யுஜிசி டாட் ஏசி டாட் இன். அதில் அனுமதி பெற்ற பல்கலைக்கழகங்களின் பட்டியல் உள்ளது. பல்கலைக்கழகத்தின் பெயர் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். நீங்கள் சேரும் ஆண்டு, படிப்பின் பெயர், ஆன்லைனா தொலைநிலையா, இவை அத்தனையும் பொருந்த வேண்டும். அனுமதி என்பது ரேஷன் கார்டு மாதிரி அல்ல, டி.வி. ரீசார்ஜ் மாதிரி. காலம் முடிந்தால் முடிந்ததுதான். 1979லேயே தொலைதூரக் கல்வி தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்த ஆசிரியர் நம் பக்கம் ஊருக்கு ஊர் உண்டு. அதன் தொலைநிலைப் படிப்புகளுக்கு 2014-15 வரைதான் அனுமதி இருந்தது என்று 2022 மார்ச்சில் யு.ஜி.சி. அறிவித்தபோது, பெயரை மட்டும் நம்பிச் சேர்ந்தவர்கள் திகைத்துப் போனார்கள்.

2024 முதல் சேர்க்கைக்கு "டெப் ஐடி" என்ற எண்ணும் வேண்டும். இதை மாணவரே உருவாக்கிக் கொள்ளலாம். "நாங்களே போட்டுத் தருகிறோம், ஓ.டி.பி. மட்டும் சொல்லுங்கள்" என்று ஏஜென்ட் கேட்டால் சொல்லாதீர்கள்.

ஆன்லைனில் படித்தால் தரம் குறைவு என்று மூக்கைச் சுளிப்பவர்களுடன் எனக்கு உடன்பாடு இல்லை. தபாலில் பாடம் வந்த காலத்திலும் இதையேதான் சொன்னார்கள். செம்மேட்டில் வீடும் கீழே வேலையும் வைத்துக் கொண்டு, இரண்டு வருடம் சம்பளத்தை விட்டுவிட்டு நாமக்கல்லிலோ ராசிபுரத்திலோ போய் எம்.ஏ. படிக்க எத்தனை பேரால் முடியும்? இந்திரா காந்தி தேசிய திறந்தநிலைப் பல்கலைக்கழகமும், 2002ல் தொடங்கிய தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் இப்படிப்பட்டவர்களுக்காக ஏற்பட்டவைதான். சிக்னல் போய்ப் போய் வரும் மலையில் ஒரு யோசனை: நேரடி வகுப்பையே நம்பியிருக்காமல், பாடங்களை இணைப்பு நன்றாக இருக்கும் நேரத்தில் டவுன்லோட் செய்து வைத்துக் கொள்ளுங்கள். வெப்கேம் வைத்து வீட்டிலேயே தேர்வு என்றால், மழைக்காலத்தில் கரன்ட் போனால் என்ன ஏற்பாடு என்பதை சேருவதற்கு முன்பே கேட்டு விடுங்கள்.

இன்னொரு குறை. எம்.ஏ. ஆங்கிலம் என்பது பெரும்பாலும் இலக்கியம். சாசரும் மில்டனும் படித்துவிட்டுப் போனால், ஆறாம் வகுப்பில் அரபி பேசும் பையன் ஒரு வாக்கியம் சொல்லத் தடுமாறும்போது என்ன செய்வது என்று தெரியாது. மொழி கற்பிக்கத் தனிப் பயிற்சி வேண்டும். கேம்பிரிட்ஜின் "செல்டா" சான்றிதழை எடுத்துக் கொள்ளுங்கள். குறைந்தது 120 மணி நேரப் பயிற்சி. அதில் 6 மணி நேரம் உண்மையான மாணவர்களுக்கு முன்னால் நின்று பாடம் நடத்த வேண்டும், அதைப் பார்த்து மதிப்பிடுவார்கள். செலவும் அதிகம்தான். இணையத்தில் ஆயிரம் ரூபாய்க்கு விற்கும் சான்றிதழ்களிலும் "120 மணி நேரம்" என்று போட்டிருக்கும். அந்த 6 மணி நேரம் இருக்காது.

அந்த ஆசிரியையிடம் நான் சொன்னது: பணம் கட்டுவதற்கு முன்பு நீங்கள் போக நினைக்கும் பள்ளிக்கு ஒரு இ-மெயில் அனுப்புங்கள். பி.எட்.டும் ஏழு வருட அனுபவமும் போதுமா, ஆன்லைன் எம்.ஏ.வை உங்கள் நாட்டு அமைச்சகம் ஏற்குமா, இந்த இரண்டையும் மட்டும் கேளுங்கள். மஸ்கட்டில் ஒரு பள்ளிக்கு எழுதினார். மூன்றாம் நாள் பதில் வந்தது. பத்தாம் வகுப்பு வரை என்றால் பி.எட். போதும், பேட்டி ஆன்லைனில், பட்டங்களுக்கு அபோஸ்டில் முத்திரை வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். எம்.ஏ. பற்றிய கேள்விக்கு "பிறகு பார்க்கலாம்" என்று ஒரே வரி.

இப்போது சான்றிதழ்களை ஸ்கேன் செய்து கொண்டிருக்கிறார். ஒரு ஃபைல் 18 எம்.பி. வருகிறது, மெயிலில் ஏற மறுக்கிறது என்று நேற்று மறுபடியும் போன் செய்தார். 600 டி.பி.ஐ.யை 200 ஆக்கி, பி.டி.எஃப்.பாகச் சேமிக்கச் சொன்னேன்.