செயலியா, நிரந்தர வாடிக்கையாளரா? இரு சட்டங்களுக்கு இடையே சிக்கும் சரக்கு வாகன ஓட்டுநர்கள்

புதுடெல்லி: சொந்தமாகச் சிறு சரக்கு வாகனம் வாங்கி ஓட்டுபவருக்கு மாதத் தவணை குறிப்பிட்ட தேதியில் தவறாமல் வந்துவிடுகிறது. வாடகை அவ்வாறு வருவதில்லை. காப்பீடு, தகுதிச் சான்று, டயர், எரிபொருள் என எந்தச் செலவும் காத்திருப்பதில்லை. எனவேதான் நாட்டின் எந்த நகரத்திலும் இத்தொழிலில் இருப்போரின் முதல் தேவை, மாதம் முழுவதும் வேலை தரும் நான்கைந்து நிரந்தர வாடிக்கையாளர்கள். ஆனால் அவர்களைத் தேடிப் பிடிப்பதுடன் சிக்கல் முடிந்துவிடுவதில்லை. வேலை யாரிடமிருந்து வருகிறது என்பதைப் பொறுத்து, ஓட்டுநருக்குக் கிடைக்கும் சட்டப் பாதுகாப்பும் மாறிவிடுகிறது.

2005-ம் ஆண்டு டாடா ஏஸ் வாகனம் சந்தைக்கு வந்தபின், குறைந்த முதலீட்டில் வாகன உரிமையாளராகும் வாய்ப்பு பல்லாயிரம் ஓட்டுநர்களுக்குக் கிடைத்தது. வட இந்தியாவில் 'சோட்டா ஹாத்தி' என்றும் தமிழ்நாட்டில் 'குட்டி யானை' என்றும் அழைக்கப்படும் இவ்வகை வாகனங்கள், சந்தைகளின் ஓரத்தில் வரிசையாக நின்று லோடுக்குக் காத்திருந்தன. அந்த வரிசையைக் கைப்பேசிக்குள் கொண்டுவந்தவை செயலிகள். பெங்களூருவைத் தலைமையிடமாகக் கொண்ட போர்ட்டர் நிறுவனம் 2014-ல் தொடங்கப்பட்டது. உணவு விநியோகம், வாடகைக் கார் உள்ளிட்ட அனைத்துத் துறைகளையும் சேர்த்து, 2020-21-ல் 77 லட்சம் பேர் கிக் தொழிலாளர்களாக இருந்ததாகவும், 2029-30-ல் இந்த எண்ணிக்கை 2.35 கோடியாக உயரும் என்றும் நிதி ஆயோக் 2022-ல் மதிப்பிட்டது.

நடை உண்டு, நிலைப்பு இல்லை

செயலியின் நன்மையை மறுப்பதற்கில்லை. கடை கடையாக ஏறி இறங்காமல் முதல் நாளே வேலை கிடைக்கிறது. பணமும் விரைவில் கைக்கு வருகிறது. ஆனால் கட்டணத்தை நிர்ணயிப்பது ஓட்டுநர் அல்ல. லோடு இறக்கிய இடத்திலிருந்து காலியாகத் திரும்பும் கிலோமீட்டர்களும், ஏற்றி இறக்கக் காத்திருக்கும் நேரமும் பெரும்பாலும் அவர் தலையிலேயே விழுகின்றன. ஆயிரம் நடைகள் ஓட்டிய பின்னரும் வாடிக்கையாளர் செயலியின் வாடிக்கையாளராகவே நீடிக்கிறார்.

வாடிக்கையாளர் எங்கே கிடைக்கிறார்?

சொந்த வாகனம் வைத்துக்கொள்ளும் அளவுக்கு வேலை இல்லாத, ஆனால் அன்றாடம் சரக்கு அனுப்பியே ஆகவேண்டிய வணிகர்களே நிரந்தர வாடிக்கையாளர்களாக அமைகின்றனர். மருந்து மொத்த விற்பனையாளர், அச்சகம், உதிரிபாகக் கடை, சமையல் ஒப்பந்ததாரர், ஆயத்த ஆடைப் பட்டறை ஆகியோர் இதற்கு எடுத்துக்காட்டுகள். லோடு ஏற்றும் இடத்தைப் போலவே இறக்கும் இடமும் முக்கியமானது. சரக்கைப் பெற்றுக்கொள்ளும் கடைக்காரருக்கும் அனுப்பவேண்டிய சரக்கு இருக்கும். அவரிடம் திரும்பும் லோடு கிடைத்தால், காலியாக ஓடும் தூரமே வருமானமாக மாறும்.

நேரம் மோதாத வாடிக்கையாளர்களைத் தேர்ந்தெடுப்பதும் அவசியம். அதிகாலையில் காய்கறி, முற்பகலில் மருந்து, மாலையில் துணி என அமைந்தால் ஒரே வாகனம் மூவருக்கும் போதும். நெரிசல் நேரங்களில் சரக்கு வாகனங்களுக்குத் தடை உள்ள டெல்லியில், இலகு ரக மின் சரக்கு வாகனங்களுக்கு 2021-ல் பல சாலைகளில் விலக்கு அளிக்கப்பட்டது. மற்றவர் வர இயலாத நேரத்தில் வர இயல்வதே அங்கு ஓட்டுநரின் பலமாகிறது.

ஆவணங்களும் நம்பிக்கையின் ஒரு பகுதியே. மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வாகனத்துக்கு மோட்டார் வாகனச் சட்டப்படி பெர்மிட் தேவையில்லை. 7,500 கிலோவுக்கு உட்பட்ட போக்குவரத்து வாகனங்களை இலகு ரக உரிமத்துடனேயே ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் தீர்ப்பளித்தது. ஆனால் சொந்தப் பயன்பாட்டுக்கான வெள்ளை எண் பலகை வாகனத்தில் வாடகைச் சரக்கு ஏற்றினால், விபத்தின்போது காப்பீடு கைவிட்டுவிடக்கூடும்.

கடன் என்னும் விலை

நிரந்தர வேலைக்கு ஒரு விலை உண்டு. அதன் பெயர் கடன். டீசலுக்கு அன்றாடம் ரொக்கம் தரும் ஓட்டுநர், வாடகைக்கு மாத இறுதிவரை காத்திருக்கிறார். பல நேரங்களில் அது இரண்டு, மூன்று மாதங்களாக நீள்கிறது. இதற்குச் சட்டத்தில் தீர்வு இருக்கிறது. 2006-ம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் சட்டப்படி, எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாட்களுக்குள் பணம் தரப்பட வேண்டும். ஒப்பந்தம் இல்லையெனில் 15 நாட்களுக்குள். தவறினால் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி செலுத்த நேரிடும். கெடு தாண்டிய தொகையை, அதைச் செலுத்தும்வரை செலவாகக் கணக்கில் காட்ட இயலாது என்ற வருமான வரி விதியும் 2024 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது.

இப்பாதுகாப்பைப் பெற, ஒற்றை வாகன உரிமையாளரும் 'உதயம்' தளத்தில் குறு நிறுவனமாகப் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவுக்குக் கட்டணம் இல்லை. எனினும், புகார் அளித்தால் வாடிக்கையாளரை இழக்க நேரிடும் என்ற அச்சம் நியாயமானதே. ஆகவே இச்சட்டத்தின் உண்மையான பயன் புகாரில் இல்லை, தொடக்கத்தில் இருக்கிறது. பணம் தரவேண்டிய நாள், காத்திருப்புக் கட்டணம், எரிபொருள் விலை உயர்ந்தால் வாடகை மாற்றம் ஆகியவற்றை முதல் லோடுக்கு முன்பே ஒரு தாளில் எழுதி, ரசீதில் உதயம் எண்ணைக் குறிப்பிடுவது பிற்காலச் சச்சரவைத் தவிர்க்கும்.

தற்சார்பு அடைந்தவருக்குப் பாதுகாப்பு இல்லையா?

2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, செயலி நிறுவனங்கள் தங்கள் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 சதவீதத்தைத் தொழிலாளர் நல நிதிக்கு அளிக்க வகை செய்கிறது. சரக்குப் போக்குவரத்துச் செயலிகளும் இதில் அடங்கும். அந்த ஆண்டு டிசம்பர் இறுதியில் வெளியான வரைவு விதிகள், ஒரு நிதியாண்டில் ஒரே நிறுவனத்துடன் குறைந்தது 90 நாட்கள் பணியாற்றியிருக்க வேண்டும் என்று கூறின.

இங்குதான் முரண் எழுகிறது. செயலியைச் சார்ந்திருப்பவருக்காக ஒரு நிறுவனம் நிதி அளிக்கிறது. பல ஆண்டு உழைப்பில் சொந்த வாடிக்கையாளர்களைத் திரட்டிச் செயலியை விட்டு வெளியேறியவருக்காக எவரும் அளிப்பதில்லை. அதே வாகனம், அதே சாலை, அதே விபத்து அபாயம். ஆயினும் அவர் 'அமைப்புசாராத் தொழிலாளர்' என்ற பொதுப் பட்டியலுக்குச் சென்றுவிடுகிறார். இ-ஷ்ரம் பதிவும், ஆண்டுக்கு 20 ரூபாயில் 2 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடு தரும் பிரதமர் சுரக்ஷா பீமா திட்டமும் அவருக்கு உண்டு. ஆனால் அவை நிதிப் பங்களிப்புடன் கூடிய நல ஏற்பாட்டுக்கு ஈடாகா.

இந்த இடைவெளி நிரப்பப்படும்வரை, நிரந்தர வாடிக்கையாளரை அடித்தளமாகவும் செயலியைக் காலி நேரத்தின் துணையாகவும் வைத்துக்கொள்வதே ஓட்டுநர்களுக்கு நடைமுறைக்கு உகந்த வழி. அரசுகளோ, உழைப்பவர் செய்யும் வேலையைப் பார்த்துப் பாதுகாப்பு அளிக்க வேண்டுமேயன்றி, அந்த வேலை எந்தத் திரையில் வந்தது என்பதைப் பார்த்து அல்ல.