அளக்கும் கருவிக்கும் அளவு வேண்டும்

சான்றோரின் நடுவுநிலைமைக்குத் துலாக்கோலை உவமையாக்கினார் திருவள்ளுவர். பொருளை நிறுக்கும் முன் துலாக்கோல் தான் நேர்நிற்றல் வேண்டும். இவ்வறம் காற்றின் மாசை அளக்கும் கருவிகளுக்கும் பொருந்தும். முழுமையான கண்காணிப்பு நிலையங்களை ஊர்தோறும் நிறுவப் பெருஞ்செலவாகும். ஆதலால், உள்ளங்கையில் அடங்கும் விலைகுறைந்த வாயு உணரிகள் இன்று பல இடங்களிலும் பொருத்தப்படுகின்றன. மலிவு நன்றே, ஆயினும், ஆய்வகத்தில் அளவுத்திருத்தம் செய்யப்படாத உணரி, உணரி இல்லாமையினும் தீமை பயப்பதாகும்.

பாலாற்றங்கரையின் தேவை

இராணிப்பேட்டை, வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி ஆகியவை தோல் தொழிலால் வாழும் ஊர்கள். தோலிலிருந்து மயிரை நீக்கச் சுண்ணாம்புடன் சோடியம் சல்பைடும் பயன்படுத்தப்படுகிறது. அக்கழிவுநீரில் அமிலம் கலந்தால் ஹைட்ரஜன் சல்பைடு என்னும் நச்சுவாயு வெளிப்படும். அழுகிய முட்டையின் நாற்றமுடைய இவ்வாயு காற்றினும் கனமானது. பள்ளங்களிலும் தொட்டிகளிலும் தங்கும். பத்து இலட்சம் பங்கு காற்றில் ஏறத்தாழ 100 பங்கை எட்டியதும் மூக்கு நுகரும் ஆற்றலையே இழந்துவிடும். நாற்றம் மறைந்ததென மனிதன் எண்ணும் வேளையில்தான் ஆபத்து முற்றியிருக்கும். மூக்கு கைவிடும் இடத்தில் கருவியே காவல்.

தெருக்காற்றுக்கோ இன்னும் நுட்பமான அளவீடு தேவை. 24 மணி நேரச் சராசரியாக ஒரு கனமீட்டருக்கு 150 மைக்ரோகிராம் என்பது உலக நலவாழ்வு நிறுவனம் இவ்வாயுவிற்குக் காட்டிய வழிகாட்டு அளவு. இது பத்து இலட்சத்தில் ஏறத்தாழ 0.1 பங்கே. அவ்வளவே பிழைபடும் கருவியால் யாது பயன்?

ஆய்வகத்தின் பணி

மின்வேதி உணரி வாயுவின் அளவை நேரே கூறுவதில்லை. சிறு மின்னோட்டத்தையே தருகிறது. அம்மின்னோட்டத்திற்குப் பொருள் கற்பிப்பதே அளவுத்திருத்தம். உணரியை மூடிய கலத்தில் வைத்து, வாயு நீக்கிய தூய காற்றைச் செலுத்திச் சுழியத்தை வரையறுப்பர். பின்னர், செறிவு அறிந்த வாயுவைப் படிப்படியாகச் செலுத்தித் துலங்கலைக் குறிப்பர். வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் மாற்றி மீண்டும் அளப்பர். பிற வாயுக்கள் உணரியை ஏமாற்றுகின்றனவா என்றும் ஆராய்வர்.

ஜவ்வாது மலைப்பகுதியின் அமிர்திக் காட்டிற்குக் கொண்டுசென்று சுழியத்தை அமைத்தால் போதாதோ எனின், போதாது. மரங்கள் வெளியிடும் கரிம ஆவிகளும் ஓசோனும் ஈரமும் அங்கும் உண்டு. இனிய காற்று வேறு. அளவறிந்த காற்று வேறு.

ஒருமுறை திருத்தியதும் நிலைப்பதன்று. வேலூரின் கோடை வெப்பம் உணரியின் மின்பகுளியை உலர்த்தும். நாளடைவில் அளவும் விலகும். ஆதலால், குறித்த காலந்தோறும் ஆய்வகச் சோதனை வேண்டும். தரமான நிலையத்தின் அருகில் வைத்து ஒப்பிடுதலும் வேண்டும்.

செலவும் கடமையும்

இத்தனை சோதனைகளும் சேர்ந்தால் மலிவின் பயன் கெடும் என்பர் சிலர். அக்கூற்றில் ஓரளவு உண்மை உண்டு. ஆயினும், குறைத்துக் காட்டும் கருவி தொழிலாளியின் உயிரைப் பணயம் வைக்கும். கூட்டிக் காட்டும் கருவி குற்றமற்ற ஆலையையும் பழிக்கு உள்ளாக்கும். பிழை வெளிப்பட்ட பின்னரோ மக்களின் மெய்யான முறையீடும் செவியேறாது. உடல்நலமும் பிழைப்பும் ஒருங்கே ஊசலாடும் மண்ணில் பொய்யான எண் இரண்டையும் கெடுக்கும்.

காற்று மாசுக் கண்காணிப்புக் கருவிகளுக்குச் சான்றளிக்கும் பொறுப்பை நடுவண் அரசு 2019ஆம் ஆண்டில் புதுதில்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகத்திடம் ஒப்படைத்தது. அந்நெறி சிறு உணரிகளின் அன்றாடப் பயன்பாட்டிலும் வேரூன்ற வேண்டும். திருத்தச் செலவைக் கருவியின் விலையோடு சேர்த்தே கணக்கிடல் வேண்டும். தக்க பாதுகாப்பு வசதியுடைய கல்லூரி ஆய்வகங்கள் இப்பணியில் துணைநிற்கலாம். பலகையில் ஒளிரும் ஒவ்வோர் எண்ணுக்கும் அருகில், கருவி இறுதியாகத் திருத்தப்பட்ட நாளும் இடம்பெறல் வேண்டும். எண்ணைக் கண்டதும் நம்புவதும் அறிவன்று. கண்டதும் மறுப்பதும் அறிவன்று. அது எவ்வாறு அளக்கப்பட்டது என வினவுவதே அறிவியல் மனப்பான்மை.