பூட்டிய கடைகளும் புகைப்படக் கருவிகளும்

கைவிடப்பட்ட பழைய கட்டிடங்களைத் தேடிச் சென்று படம் எடுக்கும் வழக்கம் இளைஞர்களிடையே பெருகி வருகிறது. 2025 ஜூலையில் யுனெஸ்கோ நிறுவனம் மராட்டியர் காலத்துக் கோட்டைகள் பன்னிரண்டை உலக மரபுச் சின்னங்களாக அறிவித்தது. அவற்றில் தமிழ்நாட்டில் உள்ளது நம் செஞ்சிக் கோட்டை ஒன்றுதான். கோட்டையைப் பார்க்க வருகிறவர்கள் வழியிலுள்ள ஊர்களின் கடைவீதிகளையும் பார்க்கத்தான் செய்வார்கள். பூட்டிக் கிடக்கும் மல்லாட்டை மண்டி, ஓடு சரிந்த அரிசிக் கிட்டங்கி, பலகை போட்டு அடைக்கும் பழைய மளிகைக் கடை ஆகியவை நமக்குப் பயனற்ற இடங்கள். அவர்களுக்கோ அவை காணக் கிடைக்காத காட்சிகள்.

நம் வணிகர்களில் பலருக்கு இது பிடிப்பதில்லை. "கேமராவோடு வருகிறவன் யார்? வரி இலாகாவின் ஆளா? இடத்தின் மேல் கண் வைத்தவனா?" என்று கேட்கிறார்கள். கேட்பதில் தவறில்லை. ஆனால் விரட்டி அனுப்புவதோடு பிரச்சினை முடிந்துவிடுமா என்பதை நாம் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். படம் எடுக்க விடலாம், ஆனால் நம் அனுமதியோடும் நம் நிபந்தனைகளோடும் எடுக்கட்டும் என்பதே நம் கருத்து. அதைவிட முக்கியமாக, வெளியூர்க்காரர் வருவதற்கு முன் நாமே எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.

வணிகர் கட்டியவை

பழைய கட்டிடம் என்றாலே அரசர் கட்டியது, வெள்ளைக்காரர் கட்டியது என்று நினைக்கிறோம். காரைக்குடி வட்டாரத்து மாளிகைகளைக் கட்டியவர்கள் யார்? பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் கொடுக்கல் வாங்கல் நடத்திய நகரத்தார்கள். யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் 2014இல் செட்டிநாட்டு ஊர்கள் இடம்பெற்றபோது, தமிழ் வணிகர்களின் ஊர்த் தொகுதி என்றே அவை குறிக்கப்பட்டன. சென்னை மவுண்ட் ரோட்டில் உள்ள பாரத் இன்சூரன்ஸ் கட்டிடமும் முதலில் ஒரு கடைதான். ஸ்மித் என்ற மருந்து வியாபாரி 1897இல் கட்டியது. பின்னாளில் எல்.ஐ.சி. வசம் வந்த அக்கட்டிடத்தை 2006இல் இடிக்கத் தொடங்கினார்கள். இன்டாக் அமைப்பு வழக்குத் தொடுத்தது. 2010இல் சென்னை உயர் நீதிமன்றம் இடிக்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது.

செஞ்சிக்கே வருவோம். ராஜகிரி மலையடிவாரத்தில் நிற்கும் பெரிய களஞ்சியத்தைப் பார்த்தால் மளிகைக்காரர் எவருக்கும் மதிப்பு வரும். பல ஆண்டுகள் நீடித்த மொகலாயர் முற்றுகையில் 1698 வரை ராஜாராம் அங்கே தாக்குப்பிடித்தார் என்றால், வீரம் மட்டும் அதற்குப் போதாது. தானியம் சேர்த்து வைத்ததும் அதைக் கெடாமல் காத்ததும் சேர்ந்துதான் கோட்டையைக் காத்தன. சரக்கு இருப்பின் அருமையை நமக்கு வேறு யார் சொல்ல வேண்டும்?

படமும் ஒரு பேரேடு

கணக்கில் ஏறாத சரக்கு காணாமல் போனால் கேட்க முடியாது. கட்டிடத்துக்கும் சிலைக்கும் இது பொருந்தும். நமக்கு அருகிலுள்ள விருத்தாசலத்தின் கோயிலில் இருந்த அர்த்தநாரீஸ்வரர் கற்சிலை களவு போய், ஆஸ்திரேலியாவில் சிட்னி நகரத்துக் கலைக்கூடம் ஒன்றில் இருந்தது. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் 1974இல் எடுத்து வைத்திருந்த புகைப்படம் அது நம்முடையது என்பதற்குச் சாட்சியாயிற்று. 2014 செப்டம்பரில் சிலை இந்தியாவுக்குத் திரும்பியது. படம் எடுத்தவர்கள் நாற்பது ஆண்டுகளுக்குப் பின் அது இப்படிப் பயன்படும் என்று நினைத்திருக்க மாட்டார்கள்.

இன்னொரு எடுத்துக்காட்டும் அருகிலேயே உள்ளது. புதுச்சேரிக் கடற்கரையில் 1870ஆம் ஆண்டையொட்டிக் கட்டப்பட்ட மேரி கட்டிடம் கவனிப்பாரின்றிக் கிடந்து, 2014 நவம்பர் 29 அன்று மழையில் இடிந்து விழுந்தது. அதைப் பழைய தோற்றத்திலேயே மீண்டும் கட்டி 2021 பிப்ரவரியில் திறந்தார்கள். தூண் எத்தனை, வளைவு எவ்வளவு உயரம் என்பதற்குப் படமும் வரைபடமும் இருந்தால்தான் இப்படிக் கட்ட இயலும். நம் கடைவீதிக் கட்டிடம் நாளை விழுந்தால் அதற்கு என்ன சாட்சி இருக்கிறது?

அமெரிக்காவில் டெட்ராய்ட் நகர ரயில் நிலையம் 1988இல் மூடப்பட்டது. உலகெங்கிலும் இருந்து வந்தவர்கள் அதன் சிதைந்த கூடத்தைப் படம் எடுத்துத் தள்ளினார்கள். 'எங்கள் ஊர் அழிவை மட்டும் காட்டுகிறார்கள், இங்கே வாழும் எங்களைக் காட்டவில்லை' என்று உள்ளூர் மக்கள் வருந்தினார்கள். அந்த வருத்தம் நியாயமானது. 2018இல் ஃபோர்டு நிறுவனம் அக்கட்டிடத்தை வாங்கிச் செப்பனிட்டு 2024 ஜூனில் திறந்தது. கட்டிடத்தை மக்கள் மறந்துவிடாமல் வைத்ததில் அப்படங்களுக்கும் பங்கு உண்டு. ஆனால் சிதைவை மட்டும் எடுத்துக்கொண்டு, கடை யாருடையது, என்ன வியாபாரம் நடந்தது என்று கேளாமல் போகிறவர் எடுக்கும் படம் அரைப் படம்தான்.

அச்சங்கள் நியாயமானவையே

உரிமையாளர்களின் கவலையை நாம் ஒதுக்கிவிட முடியாது. முதலாவது ஆபத்து. சுண்ணாம்புக் காரையும் செங்கல்லும் தேக்கு உத்தரமும் கொண்டு போட்ட மெட்ராஸ் டெரஸ் தளத்தில் உத்தரம் செல்லரித்திருந்தால் வெளியே தெரியாது. மேலே ஒருவர் கால் வைத்தால் தளத்தோடு கீழே வருவார். பாம்பும் பாழுங்கிணறும் வேறு. பழி உரிமையாளர் தலையில் விழும்.

இரண்டாவது திருட்டு. கதவு எங்கே, தூண் எங்கே என்று படம் பார்த்துத் தெரிந்துகொண்டு வருகிறவர்களும் உண்டு. செட்டிநாட்டில் எத்தனையோ வீடுகள் பிரிக்கப்பட்டுத் தூணும் கதவும் பழம்பொருள் கடைகளுக்குப் போயின. செஞ்சியின் கல் தூண்களே புதுச்சேரிக் கடற்கரைக்குப் போய் இன்று காந்தி சிலையைச் சுற்றி நிற்கின்றன.

மூன்றாவது, 'பழமை என்று பெயர் வைத்து இடிக்கவும் விற்கவும் விடாமல் செய்துவிடுவார்களோ' என்ற பயம். பாகப்பிரிவினையில் சிக்கிய இடமும், பழைய வாடகைக்காரர் இருக்கும் இடமும் கொண்டவர்களுக்கு இந்தப் பயம் அதிகம். தமிழ்நாடு மரபுச்சின்ன ஆணையச் சட்டம் 2012இல் நிறைவேறியும் பல ஆண்டுகள் நடைமுறைக்கு வராமல் கிடந்தது. கட்டிடத்தைக் காக்கச் சொல்லும் அரசு, செப்பனிடும் செலவுக்கு உதவியும் சொத்து வரியில் சலுகையும் தர வேண்டும். சுமையை மட்டும் வணிகன் தலையில் ஏற்றக் கூடாது. இடிப்பதா வைப்பதா என்பது உரிமையாளரின் முடிவு. இடிக்கு முன் படம் எடுங்கள் என்பதுதான் நம் வேண்டுகோள். இதற்குச் செலவு ஏதுமில்லை.

நாம் செய்யக் கூடியவை

1. பழைய கட்டிடத்தை விற்கும் முன்போ இடிக்கும் முன்போ முகப்பு, உட்புறம், கூரை, கல்லாப்பெட்டி, பெயர்ப்பலகை எல்லாவற்றையும் படம் எடுத்து வைக்க வேண்டும். பின்னால் எல்லைத் தகராறோ காப்பீட்டுக் கோரிக்கையோ வந்தாலும் இப்படங்கள் உதவும்.

2. படியும் மரக்காலும் பழைய எடைக்கற்களும் 1958 முதல் 1962 வரை படிப்படியாக மெட்ரிக் முறை வந்தபின் பரணில் ஏறின. அவற்றைப் பழைய இரும்புக்குப் போடாமல், சிட்டை, பேரேடு, விலைப்பட்டியலோடு சேர்த்துப் படம் எடுத்துப் பாதுகாக்க வேண்டும்.

3. ஒவ்வொரு படத்துக்கும் கடையின் பெயர், ஆண்டு, நடந்த வியாபாரம், சரக்கு வந்த ஊர் ஆகியவற்றை மூத்த வணிகர்களிடம் கேட்டு எழுத வேண்டும். விவரம் இல்லாத படம் முகவரி இல்லாத கடிதம்.

4. வெளியூரார் கேட்டால் உரிமையாளரின் எழுத்துபூர்வ அனுமதி பெறச் செய்ய வேண்டும். பகலில், உள்ளூர் ஆள் ஒருவர் உடன்வர மட்டுமே அனுமதிக்கலாம். மாடிக்கும் ஆபத்தான பகுதிக்கும் விடக் கூடாது. எடுத்த படங்களில் ஒரு பிரதி சங்கத்துக்குத் தர வேண்டும்.

5. சுவர் சாய்ந்து, மக்கள் நடக்கும் வீதிக்கு ஆபத்தாக நிற்கும் கட்டிடத்தைப் படத்துக்காகக்கூட வைத்திருக்கக் கூடாது. பொறியாளரைக் கொண்டு பார்த்து உடனே முட்டுக் கொடுக்கவோ அகற்றவோ வேண்டும்.

இதில் நமக்கு என்ன லாபம் என்று கேட்பவர்களுக்கும் பதில் உண்டு. புதுச்சேரியிலும் காரைக்குடிப் பக்கமும் பழைய வீடுகள் பல தங்கும் விடுதிகளாகிவிட்டன. அந்த விடுதிகளுக்கு அரிசி, பருப்பு, எண்ணெய் கொடுப்பவர் யார்? அருகிலுள்ள மளிகைக்காரர்தான். கோட்டையைப் பார்க்க வருகிறவர் கடைவீதியில் அரை மணி நேரம் நின்றால் டீக்கடைக்கும் பழக்கடைக்கும் வியாபாரம். பெரிய அங்காடிகளும் கைபேசி வழி விற்பனையும் நம் வாடிக்கையாளரை இழுக்கும் இக்காலத்தில், அவர்களிடம் இல்லாதது ஒன்று நம்மிடம் இருக்கிறது. மூன்று தலைமுறையாக இதே வீதியில் நிறுத்துக் கொடுத்த கை நம்முடையது. அதற்குச் சாட்சி சொல்வது இந்தப் பழைய கட்டிடங்கள்தாம்.

எனவே, ஒவ்வொரு கடைவீதிச் சங்கமும் அடுத்த கூட்டத்தில் இப்பொருளை எடுத்துப் பேசி, தம் வீதியின் பழைய கடைகளைப் பட்டியலிட்டுப் படம் எடுக்க ஒருவரைப் பொறுப்பாக்க வேண்டும். வரும் ஆயுதபூஜையன்று கணக்குப் புத்தகத்துக்கும் தராசுக்கும் பொட்டு வைக்கும்போது பூட்டிக் கிடக்கும் பழைய கடையையும் ஒருமுறை திறந்து பார்ப்போம். அடுத்த மழைக்காலத்துக்கு முன் அதைப் பதிவு செய்வோம்.